போன வழியால் வரும்

பாங்கு சொல்கிற மோதினார் நெய்னாருடைய மூத்திரப் பையைப் பற்றிப் பேசுவதற்கென்று எங்கள் பள்ளிவாசல் நிர்வாக சபை ஒரு புதன்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கூடியது. கூட்டறிக்கையில் அப்படி இல்லை. "மோதினாரின் சுகயீனம் தொடர்பாக ஆராயப்பட்டது" என்று இருக்கிறது. அதை எழுதியவன் நான். ஒன்பது வருடமாகச் செயலாளர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மீராசாஹிப் மாஸ்டர் என்றால் கரைத்தீவில் தெரியாத ஆள் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பிறகு ஒளித்துவிட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

நெய்னார் இந்த ஊர் ஆளில்லை. எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தினபோது மனைவி கமீலாவோடு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கி, அங்கிருந்து எங்கள் களப்போரத்து முகாமுக்கு வந்தார். கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டே முகாமில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சொன்னார். காற்றுக்கு எதிர்த்தாற்போல் நின்று சொன்னாலும் அந்தக் குரல் களப்புக்கு அந்தப் பக்கம் வரை போகும். அதைக் கேட்டுத்தான் எங்கள் பள்ளிக்குக் கூட்டி வந்தோம். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பள்ளிக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள மோதினார் வீடு இருக்கிறது. வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. இத்தனை வருடம் போயும் இங்கே சிலருக்கு அவர் 'அகதிக்காரன்'தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மூத்திர வருத்தம் போன வருடம் மாரிக்குப் பிறகு தொடங்கியது. பாங்குக்கு அரை மணித்தியாலம் முன்னமே வந்து, தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி வுளுச் செய்கிற ஹவுளுத் தொட்டியில் விழுந்த வேப்பிலையை அள்ளி, பாய் விரித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போவார். போனால் வரமாட்டார். வெளியே நிற்கிறவர்கள், "மோதினார் உள்ளுக்கு வீடு கட்டுறாரோ" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். வெளியே வந்து வுளுச் செய்து நிமிர்வதற்குள் சாரனில் ஒரு துளி இறங்கி வுளு முறிந்துவிடும். வீட்டுக்கு ஓடிச் சாரன் மாற்றி, திரும்ப வுளுச் செய்து, பாங்குக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது மூச்சிரைக்க ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நிற்பார். பிறகு உள்ளே துணி மடித்து வைக்கத் தொடங்கினார். அதுவும் போதாமல் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்.

கமீலா கெஞ்சுவாள். "ஒரு மொடக்காவது குடிங்களேன். ஒதடு வெடிச்சிப் போய்க் கிடக்குது."

"குடிச்சா ஒளு நிக்காது கமீலா."

"ஒளு நிக்காட்டி என்ன, மார்க்கத்தில எடம் இரிக்குதுதானே. நீங்கதானே மத்தாக்களுக்குச் சொல்லுற."

"மத்தாக்கள் மோதினார் இல்லையே."

இதற்கு அவள் என்ன சொல்வாள்? கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் ஊரில் சும்மா இருக்கிறவனுக்கே நாக்கு வறண்டுவிடும். உப்பளப் பக்கமிருந்து வருகிற காற்றில் உப்புத்தூள் இருக்கும். கழுதைகள்கூட நிழல் தேடிப் பள்ளி மதிலோடு ஒட்டி நிற்கும். அந்தக் காற்றில் இந்த மனிதர் காலையில் அரைக் கோப்பைத் தேத்தண்ணி, இரவில் மருந்து விழுங்க ஒரு வாய், இவ்வளவோடு நடமாடினார். நோன்பு இல்லாத நாளிலும் நோன்பாளி.

ஒரு வியாழன் விடிய சுபஹ் பாங்கு கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் குசினிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கிறார். தொப்புளுக்குக் கீழே வயிறு தேங்காய் மாதிரிக் கல்லாகி நின்றது. இரவு முழுக்க ஒரு துளி வரவில்லை. மகன் ஸுஹைப் உப்பளத்துக்குப் போகப் புறப்பட்டவன், மண்வெட்டியைப் போட்டுவிட்டு முச்சக்கர வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஒரே பிள்ளை. இருபத்தாறு வயது. காலிரண்டும் உப்புத்தண்ணீரில் வெடித்துப் பாளம் பாளமாக இருக்கும். வாப்பாவோடும் உம்மாவோடும் அளவாகத்தான் கதைப்பான்.

அங்கே டியூப் போட்டு எடுத்தார்கள். ஒன்றேகால் லீட்டருக்கு மேலே வந்ததாம். பையில் நிற்க வேண்டியது அரை லீட்டர். பையின் வாய்க்குக் கீழே ஆண்களுக்கு இருக்கிற ஒரு சுரப்பி வீங்கி வழியை நெரித்துவிட்டது, வெளியேற வழியில்லாமல் சிறுநீர் மேலேறி இரண்டு சிறுநீரகமும் உப்பியிருக்கின்றன, தண்ணீர் குடிக்காததில் கிருமியும் பிடித்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். சுரப்பியை வெட்டச் சத்திரசிகிச்சைக்கு ஏழு கிழமை, கிட்டத்தட்ட ஐம்பது நாள் கழித்துத் திகதி கொடுத்தார்கள். அதுவரை டியூப் இருக்க வேண்டும், தொடையில் பை கட்டியிருக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், எவ்வளவு வருகிறதென்று அளந்து எழுத வேண்டும்.

வாட்டில் நடந்த இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இது பிறகுதான் தெரியும். வீட்டுக்கு அனுப்பும்போது தாதி மிஸ் ஸுஹைபைக் கூப்பிட்டுப் புது டியூப் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டியிருக்கிறாள். நுனியில் ஒரு பலூன் இருக்கிறது, பக்கத்துக் கிளையால் ஊசிக்குழாய் வைத்துப் பத்து மில்லிலீட்டர் தண்ணீர் ஏற்றினால் அது பைக்குள் போய் ஊதி நிற்கும், அதனால்தான் டியூப் வழுக்கி விழாது, அந்தத் தண்ணீரை இறக்காமல் யாரும் இழுக்கக்கூடாது, இழுத்தால் உள்ளே கிழிந்துவிடும் என்று சிங்களத்தில் விளங்கப்படுத்தினாள். ஏற்றியும் காட்டினாள். நெய்னார் துவாயால் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். ஸுஹைப் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாப்பாவின் அந்த இடத்தைப் பற்றி ஒரு பொம்பிளைப் பிள்ளை அவனோடு கதைக்கிறாள். அவன் எங்கே பார்ப்பான்? "தேருணாத?" என்று கேட்டாள். விளங்கியதென்று தலையாட்டினான். உண்மையாகவே விளங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கமீலா கேட்டாள். "என்ன சொல்லி உட்ட?"

"இழுக்கப்படாதாம்."

"ஏனாம்?"

"இழுக்கப்படாதுண்டா இழுக்கப்படாதுதான் உம்மா. சும்மா நோண்டாதீங்க."

அவ்வளவுதான். வாப்பாவின் மறைக்க வேண்டிய உறுப்பைப் பற்றி ஒரு மகன் உம்மாவுக்கு முன்னால் வாய் திறக்கமாட்டான். எங்கள் பக்கத்தில் அதை மரியாதை என்று சொல்வோம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், என் பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தேன். போகட்டும்.

கமீலா பழைய யன்னல் சீலையில் அந்தப் பைக்கு ஒரு பச்சை உறை தைத்தாள். மஞ்சள் நிறம் யாருக்கும் தெரியக்கூடாது என்று. விடிய மூன்று மணிக்கு எழும்பி மாப் பிசைந்து சந்தி ஹோட்டலுக்கு இருநூறு இடியப்பம் பிழிகிறவள் அவள். அதற்கிடையில் பையைத் திறந்து ஒரு பழைய பிளாஸ்டிக் குவளையில் ஊற்றி அளந்து கலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதுவாள். எழுத்து வராது, நூறுக்கு ஒரு கோடு. இதை யாரோ பார்த்திருக்கிறார்கள். மாவளக்கிற குவளையும் மூத்திரமளக்கிற குவளையும் ஒன்றுதான் என்று கதை கிளம்பிவிட்டது. திங்கட்கிழமை ஹோட்டல்காரன் இருநூறு இடியப்பத்தையும் திருப்பி அனுப்பினான். அவள் அதை அயல் வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தாள். ஒருவரும் வாங்கவில்லை. மதிலோரத்துக் கழுதைகள் தின்றன.

நெய்னார் ஆஸ்பத்திரியால் வந்த இரண்டாம் நாளே பாங்கு சொல்ல வந்துவிட்டார். குரல் பழைய குரலேதான். தொழும்போது சுஜூதுக்குக் குனிகையில் சாரன் விலகிப் பச்சை உறை தெரிந்தது. பின்வரிசையில் ஒருவர் மூக்கைப் பொத்தினார். மணம் ஒன்றும் இல்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதற்குத்தான் அந்தப் புதன்கிழமைக் கூட்டம்.

தலைவர் லத்தீப் ஹாஜியார். இரண்டு இறால் பண்ணை, ஒரு ஐஸ் கம்பனி. பள்ளிக்கு மேல்மாடி கட்டியவர், இல்லையென்று சொல்லமாட்டேன். பிளேன்டீயும் பணிசும் வந்தன. ஹாஜியார் பணிசைப் பிய்த்துக்கொண்டே தொடங்கினார்.

"மோதினார் விசயம். மூத்திரத்த காலுல கட்டிக்கிட்டுப் பள்ளிக்குள்ள வாராரு. இதுக்கு என்ன செய்ற?"

ஃபைஸல் மவ்லவி இளம் பொடியன்தான், ஆனால் படித்தவர். "ஹாஜியார், அது அவர்ட கையில இல்லாத வருத்தம். அப்பிடியான ஆள் ஒவ்வொரு தொழுகைக்கும் புதுசா ஒளு எடுத்தாப் போதும். பாங்கு சொல்ல ஒளு கட்டாயமும் இல்ல. பையில இருந்து ஒண்டும் சிந்தாட்டி பள்ளிக்குள்ள வாரதுக்கும் தடை இல்ல. மார்க்கத்தில தெளிவா எடம் இரிக்கி."

"மார்க்கத்துல எடமிரிக்கி மவ்லவி," என்றார் ஹாஜியார். "ஜமாஅத்துல எடமில்ல."

மின்விசிறி சுற்றியது. மவ்லவி பணிசைப் பார்த்தார். அவருக்கும் சம்பளம் கொடுப்பது இந்தச் சபைதான்.

"ஏழு கிழமதானே," என்று ஒருவர் மெல்ல இழுத்தார். "அதுவரைக்கும் லீவு குடுத்தா?"

"லீவு குடுத்தா பாங்க யாரு சொல்ற? வாரவனுக்கு வீடு வேணும். என்ட பொஞ்சாதிட தங்கச்சி மகன் மத்ரஸாவில ஓதி முடிச்சிட்டு இரிக்கான். கலியாணமும் முடிச்சிட்டான். நல்ல கொரல். அவன வரச் சொன்னா நாளைக்கே வருவான். ஆனா நான் அநியாயக்காரன் இல்ல. வாற வெள்ளிக்கு அந்தச் சாமான் இல்லாம, துப்புரவா வந்து ஜும்ஆப் பாங்கு சொல்லட்டும். இருபத்திரண்டு வருசம் சொன்ன மனிசன். சொன்னா இருக்கட்டும். ஏலாட்டி வீட்டுத் திறப்பக் குடுக்கட்டும். அகதியா வந்தவருக்கு இவ்வளவு காலம் எடம் குடுத்தம், அதுவே பெரிசு. என்ன மாஸ்டர், சரிதானே?"

என்னைத்தான் கேட்டார். எனக்குத் தெரியும், ஏழு கிழமைக்கு அந்த டியூப் வெளியே வர முடியாது என்று. வாய்வரை வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பயம். வேறென்ன? "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினேன். நல்ல கறுப்பு மையில்.

அடுத்த நாள் பின்னேரம் கமீலா என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பார்சல், வாழையிலையில் இடியப்பமும் தேங்காய்ப்பூச் சம்பலும். முன்கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். கதிரையின் நுனியில் இருந்தாள்.

"மாஸ்டர், இதத் தின்னாட்டியும் பரவாயில்ல. குவள வேற வேறதான். அல்லாஹ் மேல ஆண."

"தெரியும் கமீலா தாத்தா. வைங்க." அக்காவை எங்கள் பக்கத்தில் தாத்தா என்போம்.

நான் பதினோராம் ஆண்டுத் தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மேசையில் நாற்பத்தெட்டுத் தாள், நாற்பத்தெட்டிலும் ஒரே படம். மனிதச் சிறுநீர்த் தொகுதி, பகுதிகளைப் பெயரிடுக, ஐந்து புள்ளி. கமீலா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதா எங்கட உள்ளுக்குள்ள இரிக்கிற?"

"ஓம்."

"அவர்டயும் இப்பிடித்தானா?"

அவ்வளவுதான் வேண்டியிருந்தது எனக்கு. முப்பது வருடமாகப் படிப்பிக்கிறவனுக்கு ஒரு ஆள் படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் வாய் சும்மா இருக்காது. சிவப்புப் பேனையை எடுத்தேன். முதுகுப் பக்கமாக அவரைக் கொட்டை மாதிரி இரண்டு சிறுநீரகம் என்றேன். உடம்பில் ஓடுகிற இரத்தமெல்லாம் இதற்குள் வந்து வடிகிறது, ஒவ்வொன்றிலும் பத்து இலட்சம் நுண்ணிய வடி இருக்கிறது, நாளொன்றுக்கு நூற்றெண்பது லீட்டர் வடித்து, நல்லதையெல்லாம் திரும்ப உறிஞ்சி, ஒன்றரை லீட்டரைத்தான் வெளியே விடுகிறது என்றேன். அவள் வாயில் முந்தானையை வைத்தபடி கேட்டாள். இந்த இரண்டு குழாயும் சிறுநீர்க்கான், ஒரு சாண் நீளம், கீழே பைக்குள் வந்து விழும். பையிலிருந்து வெளியே போகிற இந்த ஒற்றை வழி சிறுநீர்வழி.

"நூத்தெண்பது லீட்டரா?" என்றாள். "அவர் ஒரு மொடக்குக் குடிக்காத நாளிலயுமா?"

"அது இரத்தத்தத்தான் வடிக்கிற. குடிக்காட்டி அதுக்குக் கஸ்டம்."

"அப்ப அதுகளும் பாவம்தான்." பிறகு படத்தில் கடைசி வழியை விரலால் தொடாமல் காட்டினாள். "டியூப் இதாலயா போயிரிக்குது?"

"ஓம். இதால போய்ப் பைக்குள்ள நிக்கும்."

"களட்டினா?"

"என்ன களட்டினா?"

"நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும், மாஸ்டர். ஜும்ஆ முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்த் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். கழண்டு உழுந்திட்டுண்டு சொல்லலாம். அவர் இண்டைக்கிலயிருந்து தண்ணியே குடிக்கல்ல, நாளைக்குச் சொட்டாம இரிக்கட்டுமெண்டு. வீடு போனா நாங்க எங்க போற? திரும்பவும் கொட்டிலுக்கா? இந்த வயசில எனக்கு ஏலா. ஆஸ்பத்திரில கேட்டா ஏசுவாங்க. அதான் உங்கள்ட்டக் கேக்க வந்த. களட்டினா ஏதும் ஆகுமா?"

எனக்குத் தெரியாது. நான் வாழ்நாளில் ஒரு டியூபைக் கையில் பிடித்துப் பார்த்தவனில்லை. தெரியாது என்ற சொல்லை இருபது வருடமாக யாருக்கும் சொன்னதில்லை. அத்தோடு இன்னொன்று. டியூபைக் கழற்றி இது நல்லபடியாக முடிந்தால், நேற்று நான் வாயை மூடிக்கொண்டிருந்ததும் ஒன்றுமில்லாமல் போய்விடும். அறப்படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். பேனையால் படத்தில் ஒரு கோடு கீறினேன், பையிலிருந்து வெளியே.

"நேரான வழி தாத்தா. நடுவில ஒண்டும் இல்ல. போன வழியால வரும்."

"ஸுஹைப் சொன்னான், இழுக்கப்படாதாமெண்டு."

"ஏனாம்?"

"அதச் சொல்றானில்ல. வெக்கப்படுறான்."

"கிருமி தொத்துமெண்டு சொல்லியிருப்பாங்க. கையக் கழுவிட்டு மெதுவா எடுங்க."

"வலிக்குமா?"

"கொஞ்சம் எரியும். பயப்பட ஒண்டுமில்ல."

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். எழும்பிப் போகும்போது வாசலில் திரும்பி, "படிச்ச ஆள் ஒண்டு பக்கத்தில இரிக்கிறது எவ்வளவு நல்லம் மாஸ்டர்," என்றாள். இடியப்பத்தை நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் குளியலறையில் வைத்து எடுத்தார்கள். ஸுஹைப் இல்லை. உப்பு வாரும் பருவம், விடியவே போய்விட்டான், ஜும்ஆவுக்கு நேரே பள்ளிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். கமீலா சவுக்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவினாள். நெய்னார் துவாயைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றார். மெதுவாக இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அவர் துவாயை வாயிலிருந்து எடுத்தார்.

"வேண்டாம் கமீலா, உள்ளுக்கு என்னவோ புடிச்சிக்கிட்டு வருது."

"கொஞ்சம் எரியுமெண்டு மாஸ்டர் சொன்ன. பொறுங்க."

"எரிவில்ல இது."

"பாங்குக்கு நேரமாகுது. ஒருக்காப் பொறுத்துக்கொள்ளுங்க. ஒரே இழுவ."

ஒரே இழுவையாக இழுத்தாள். வந்தது. நுனியில் நெல்லிக்காய் அளவில் ஒரு பலூன், தண்ணீர் நிறைந்தபடியே. பின்னாலேயே இரத்தம். அவர் சத்தம் போடவில்லை. பக்கத்தில் பள்ளி, ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். துவாயில் பல் பதிந்து கிழிந்திருந்தது. கமீலா தலையணை உறை ஒன்றை நாலாக மடித்துக் கட்டிவிட்டாள். அது நனைந்தது. இன்னொன்று கட்டினாள். வெள்ளிக்கிழமைக்கென்று எடுத்து வைத்த வெள்ளைச் சாரனை மாற்றிக் கறுப்புக் கோடு போட்ட சாரனை உடுத்திவிட்டாள். "போக ஏலாதுண்டா போகாம உடுங்க," என்று அப்போதுதான் அழுதாளாம். "கழட்டியாச்சி. இனிப் போகாம இருந்தா இதெல்லாம் வீண்தானே," என்றிருக்கிறார்.

பன்னிரண்டே கால். பாங்கு சொன்னார்.

அந்தப் பாங்கை நான் என்னென்று சொல்ல. முதல் தக்பீரில் குரல் நடுங்கியது. பிறகு எழும்பியது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு பாங்கை இந்த ஊர் கேட்டதில்லை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மூச்சு உடைந்து இழுபட்டது, எல்லோரும் அதை உருக்கம் என்று நினைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். ஹாஜியார் முன்வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா மாஸ்டர். சாமானக் களட்டினதும் கொரல் வந்திரிக்கி."

நானும் சிரித்தேன். எனக்கு மனம் லேசாக இருந்தது. என் தயவால் ஒரு குடும்பத்துக்கு வீடு தங்கிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

குத்பாப் பிரசங்கம் முடிந்து தொழுகையில் நின்றோம். இரண்டாவது ரக்அத்தில் சுஜூதுக்குப் போனோம், எழும்பினோம். மோதினார் எழும்பவில்லை. நெற்றி தரையில் இருந்தபடியே பக்கவாட்டில் சரிந்தார். ஸலாம் கொடுத்து முடித்தபோது அவர் நின்ற இடத்தில் பாய் நனைந்து கறுத்திருந்தது. பச்சைப் பாய் என்பதால் முதலில் தண்ணீர் என்று நினைத்தோம். ஒருவர் கையை வைத்துப் பார்த்தார்.

"மொதல்ல பாய எடுங்க," என்றார் ஹாஜியார். "பாய எடுத்து வெளிய போடுங்க. மத்ததப் பொறகு பாப்பம்."

பின்வரிசையிலிருந்து ஸுஹைப் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தான். சாரன் விளிம்பில் உப்புப் பூத்திருந்தது. வாப்பாவின் சாரனை ஒதுக்கிப் பார்த்தான், எல்லோருக்கும் முன்னால். வீட்டில் உம்மாவுக்கு முன்னால் சொல்ல வெட்கப்பட்டதை முந்நூறு பேருக்கு முன்னால் சொன்னான்.

"உள்ளுக்கு பலூன் இரிக்குது. தண்ணி எறக்காம இழுத்தாக் கிழியுமெண்டு மிஸ் சொன்ன. எனக்குச் சொன்ன. ஆர் இழுத்த? எங்கட வாப்பாக்கு ஆர் இழுத்த?"

நான் செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனேன். யாராவது கேட்டால், மனிதரைத் தூக்கிப் போக வண்டி பிடிக்கப் போகிறேன் என்று சொல்ல நினைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

உயிர் போகவில்லை. போயிருந்தால் ஊர் திரண்டு ஜனாஸா எடுத்திருக்கும், நல்ல மனிதர் என்று இரண்டு நாள் சொல்லியிருக்கும். வழி உள்ளே கிழிந்துவிட்டது, அதால் இனி டியூப் போட முடியாதென்று தொப்புளுக்குக் கீழே துளைத்து நேரே பைக்குள் ஒரு குழாய் வைத்தார்கள். ஏழு கிழமைத் திகதியை வெட்டிவிட்டார்கள். புண் ஆறி, வழி சுருங்கி, பிறகு பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் இன்னும் கீழே போயிருக்கிறது, மெஷினில் இரத்தம் கழுவ வேண்டி வரலாம் என்றார்களாம். அடுத்த கூட்டத்தில் புதிய மோதினாருக்கு நியமனம், தொழுகைப் பாய் இரண்டு மாற்றுவது, இரண்டும் ஏகமனதாக நிறைவேறின. நான்தான் எழுதினேன்.

பதினோராம் நாள் கமீலா வீட்டைப் பூட்டித் திறப்போடு என்னிடம் வந்தாள். பள்ளிக்கு வெளியே புதிய மோதினாரின் அலுமாரியும் கட்டிலும் ஏற்றின லொறி நின்றது. அவர்களுடைய சாமான் ஒரு முச்சக்கர வண்டியில் அடங்கிவிட்டது. முகாம் பக்கம் ஒரு உறவுக்காரரின் பின்கொட்டிலுக்குப் போகிறார்கள். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"அவர் எப்பிடி?"

"கதைக்கிறல்ல. பாங்கு கேட்டா மட்டும் ஒதடு அசையுது." கொஞ்சம் தயங்கினாள். "மாஸ்டர், அந்தப் படத்த இன்னொருக்காக் காட்டுவீங்களா?"

தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். ஒரு வெற்றுத் தாளில் கீறினேன். கை பழக்கத்தில் தானாகக் கீறியது. இரண்டு சிறுநீரகம், இரண்டு குழாய், பை, வழி. அவள் குனிந்து பார்த்து, பைக்கு மேலே விரலை வைத்தாள்.

"இந்த எடத்தாலதான் இப்ப டியூப் வருது." விரல் அங்கிருந்து கீழே இறங்கி நின்றது. "நான் ராவெல்லாம் யோசிக்கிற மாஸ்டர். நீங்க சரியாத்தான் சொன்ன. போன வழியால வருமெண்டீங்க, வந்திச்சி. மெதுவா எடுக்கச் சொன்னீங்க. நாந்தான் பாங்குக்கு நேரமாகுதெண்டு ஒரே இழுவயா இழுத்துட்டன். ஸுஹைப் என்னோட கதைக்கிறல்ல. கதைக்காட்டியும் சரிதான்."

நான் பேனையை மூடினேன்.

"மெதுவா எடுத்திருந்தா அந்தப் பலூனும் சுருங்கி வந்திரிக்கும்தானே? ஒண்டும் ஆயிரிக்காதுதானே?"

இந்தமுறை எனக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை பின்னேரமே தேடிப் படித்துவிட்டேன். மெதுவாக எடுத்தாலும் அது சுருங்காது. எப்படி எடுத்தாலும் கிழித்துக்கொண்டுதான் வரும். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வார்த்தை போதும், அவள் கையில் இருந்து அந்தப் பிழையை வாங்கி என் கையில் வைத்துக்கொள்ள.

"ஓம்," என்றேன். "மெதுவா எடுத்திருக்கணும்."

அவள் தலையாட்டினாள். "அதான். அவர்ட்டயும் அப்பிடித்தான் சொன்ன, என்ட கைதான் பிழையெண்டு," என்று சொல்லிவிட்டு, திறப்பை அந்தப் படத்துக்கு மேலே வைத்துவிட்டுப் போனாள்.